பழைய ஃபாரின் ஸ்போர்ட்ஸ் கார்: நியாயமான விலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?



போன செமஸ்டர் லீவுல ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு என் ரூம்மேட்டோட மாமா போன் பண்ணாரு. திண்டிவனத்துக்காரர். பதினோரு வருஷம் துபாய்ல வேலை பாத்துட்டு ஊருக்கே வந்துட்டவர். வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாரு. ரெண்டு கதவு, மஞ்ச கலர், தரையோட ஒட்டிக்கிட்டு நிக்கிற ஒரு ஃபாரின் ஸ்போர்ட்ஸ் கார். 2017 மாடல், பி.ஒய். 01 நம்பர்.

"டேய் மாப்ள, 28 லட்சம் சொல்றான்டா. புதுசு முக்கா கோடியாம். 50,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் மெக்கானிக்கல் தான படிக்கிறீங்க? வந்து பாத்து வெல சரியான்னு சொல்லுங்கடா."

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முழிப்பு. தெர்மோடைனமிக்ஸ்ல என்ட்ரோப்பி கேளுங்க, சொல்றோம். 28 லட்சம் சரியா தப்பான்னு எந்தப் பேப்பர்லயும் கேக்கலையே! ஆனா அது ஒரு மனுஷனோட பதினோரு வருஷம். தெரியாதுன்னு சொல்லி போனை வைக்க மனசு வரல. அடுத்த பத்து நாள் தேடினோம், கேட்டோம், காரையும் போய்ப் பார்த்தோம். அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். நீங்க ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களோ இல்லையோ, இந்த முறை பழைய புல்லட்டுக்கும் பொருந்தும், பழைய ஸ்விஃப்ட்டுக்கும் பொருந்தும்.

ஒரே வரியில சொல்லணும்னா இதுதான்: நீங்க வாங்குறது காரை மட்டும் இல்ல, அதோட பேப்பரையும் அதுல பாக்கி இருக்குற வேலையையும் சேர்த்துத்தான் வாங்குறீங்க. விலையையும் அப்படித்தான் போடணும்.

முதல்ல, புதுசு ஏன் அவ்வளவு விலை?

"அமெரிக்கால இதே கார் செகண்ட்ஹேண்ட்ல பாதி விலைக்குக் கிடைக்குதே"ன்னு யூடியூப் பாத்துட்டு கேக்குறவங்க நிறைய. அந்த ஒப்பீடு இங்க செல்லாது. ஏன்னு பாப்போம்.

முழுசா பூட்டின நிலையில கப்பல்ல வந்து இறங்குற கார், அதோட மதிப்பு கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 40,000 டாலருக்கு மேல இருந்தா, சுங்க வரிகள் மொத்தமா 110%. அதாவது 100 ரூபா கார் துறைமுகத்தைத் தாண்டும்போது 210 ரூபா. 2025 செப்டம்பர் 22லேர்ந்து பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40%. 210 இப்ப 294 ஆகுது. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள புது கார்களுக்கு ஆயுள் வரி 20%. அதையும் சேர்த்தா கிட்டத்தட்ட 353. ஷோரூம்காரர் லாபத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

ஆக, ரோட்டுக்கு வந்த விலையில கார்ங்கிற பொருளோட பங்கு மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மிச்சம் எல்லாம் வரி. மாமா பார்த்த கார் வித்த 2017ல இந்த சதவீதங்கள் கொஞ்சம் வேற, ஆனா கதை இதேதான். முதல் ஓனர் கட்டின அந்த வரி திரும்பி வராது. அதனாலதான் இந்த மாதிரி கார்கள் முதல் சில வருஷத்துல மடமடன்னு விலை இறங்குது. "புதுசு முக்கா கோடி, இது 28 தான்" அப்படிங்கிற வாக்கியம் உங்க காதுல விழுந்தா, அது தள்ளுபடி இல்லன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. எல்லாரோட காரும் அப்படித்தான் இறங்கியிருக்கும்.

ஃபார்முலா வெச்சு கண்டுபிடிக்க முடியுமா?

நாங்க இன்ஜினியரிங் பசங்க, முதல்ல ஃபார்முலாவைத்தான் தேடினோம்.

இன்றைய விலை = புது விலை × (1 − தேய்மானம்) ^ வருஷம்

புது விலை 75 லட்சம், 8 வருஷம், வருஷத்துக்கு 12% தேய்மானம்னு போட்டா 27 லட்சம் வருது. "ஆஹா, 28 சரியான விலை"ன்னு குதிச்சோம். அப்புறம் 12க்குப் பதிலா 15 போட்டுப் பார்த்தோம். 20 லட்சத்து 44 ஆயிரம்! தேய்மானத்துல 3 புள்ளி மாறினா, விலையில ஆறரை லட்சம் மாறுது. ஃபார்முலா தப்பு இல்ல. அந்த 12ஆ 15ஆங்கிறதை எங்கிருந்து எடுக்கிறதுங்கிறதுதான் பிரச்சினை.

இன்சூரன்ஸ் பேப்பர்ல இருக்குற ஐ.டி.வி. தொகையும் இதே மாதிரிதான். அதுக்கு ஒரு நிலையான அட்டவணை இருக்கு. முதல் 6 மாசம் 5%, 1 வருஷம் வரை 15%, 2 வருஷத்துக்கு 20%, 3க்கு 30%, 4க்கு 40%, 5க்கு 50% கழிப்பாங்க. 5 வருஷம் தாண்டினா கம்பெனியும் வண்டி ஓனரும் பேசி முடிவு பண்றதுதான். அதனால 8 வருஷக் காருக்கு "ஐ.டி.வி.யே 30 லட்சம் போட்டிருக்கு பாருங்க"ன்னு யாராவது காட்டினா, அது விலைக்கு ஆதாரம் ஆகாது.

சந்தையைக் கேளுங்க

அப்ப என்ன வழி? அதே மாடல், ஒரு வருஷம் முன்ன பின்ன, தமிழ்நாட்டு நம்பர், ஒண்ணு அல்லது ரெண்டு ஓனர், கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு உள்ள கார்களோட விலையைத் தேடி எழுதுங்க. குறைஞ்சது அஞ்சு வேணும். எங்களுக்குக் கிடைச்ச மாதிரி அஞ்சு விலைன்னு வெச்சுக்குவோம்: 31, 33, 34, 36, 41 லட்சம்.

சராசரி எடுக்காதீங்க. 41 லட்சம்னு ஒருத்தர் ஆசையில போட்டிருப்பாரு, அவர் சராசரியை மேல இழுத்துடுவாரு. நடுவுல இருக்குறதை எடுங்க, 34. புள்ளியியல் பாடத்துல இடைநிலைன்னு படிச்சோமே, அது இங்கதான் உபயோகப்படுது.

இன்னொண்ணு. இது எல்லாம் கேக்குற விலை, வித்த விலை இல்ல. பேரம் முடிஞ்சு கை மாறும்போது கொஞ்சம் இறங்கும். அதே விளம்பரம் ரெண்டு மாசமா அப்படியே கிடந்தா, அந்த விலைக்கு ஆள் வரலைன்னு அர்த்தம். கணக்குக்கு நாங்க 2 லட்சம் குறைச்சு 32ன்னு வெச்சோம். ஒரு நல்ல, சுத்தமான, தமிழ்நாட்டு நம்பர் காரோட விலை அது. இனிமே மாமா பார்த்த கார் அந்த நல்ல கார்லேர்ந்து எங்கெங்க குறையுதோ, அங்கங்க கழிக்கணும்.

பேப்பர்: 40 கிலோமீட்டர்ல மாறுற விலை

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூணும் ஒரு முக்கோணம். எந்தப் பக்கம் போனாலும் சுமார் 40 கிலோமீட்டர்தான். விழுப்புரத்துல டி.என். 32, திண்டிவனத்துல டி.என். 16, கிளியனூர் தாண்டினா பி.ஒய். 01. மூணு நம்பரும் ஒரே டீக்கடை வாசல்ல நிக்கும். பாத்துப் பாத்துப் பழகினதால நமக்கு அது ஒரு விஷயமாவே தெரியாது.

ஆனா வரி கணக்குல அது ரெண்டு தனி உலகம். புதுச்சேரியில விலை உயர்ந்த கார்களுக்கு வரி ரொம்பக் குறைவா இருந்துச்சு. அதனால வெளி மாநிலத்துல குடியிருக்கிறவங்க புதுச்சேரி முகவரி காட்டி சொகுசு கார் பதிவு பண்றது பல வருஷமா நடந்துச்சு. 2017ல கேரளாவுல இதைத் தோண்டி எடுத்து, சினிமாக்காரங்க உட்படப் பலர் மேல வழக்கு போட்டாங்க.

புதுச்சேரியில நிஜமாவே குடியிருக்கிறவர் பி.ஒய். நம்பர் வெச்சிருந்தா அதுல எந்தத் தப்பும் இல்ல. ஆனா அந்தக் காரை திண்டிவனத்துல இருக்குற மாமா வாங்கினா? மோட்டார் வாகனச் சட்டம் 1988, 47ஆவது பிரிவு: ஒரு மாநிலத்துல பதிவான வண்டி இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல இருந்தா, புது மாநில நம்பர் வாங்கியாகணும். அதுக்கு புதுச்சேரி ஆர்.டி.ஓ.கிட்ட படிவம் 28ல என்.ஓ.சி., பேர் மாத்த படிவம் 29ம் 30ம், புது நம்பருக்கு படிவம் 27. எல்லாத்துக்கும் மேல தமிழ்நாட்டு ஆயுள் வரி. வண்டியோட வயசைப் பொறுத்து அது குறையும், ஆனா லட்சக் கணக்குல வரும். உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி. நகலைக் காட்டி, எவ்வளவு வரும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஆக, பி.ஒய். 01 கார் ஒண்ணு விலை குறைவா தெரிஞ்சா, அதுல ஒரு பகுதி நிஜக் குறைவு இல்ல. அவர் கட்டாத வரியை நீங்க கட்டப் போறீங்க, அவ்வளவுதான். "நம்பர் மாத்தாமலே ஓட்டலாம் சார், இங்க எல்லாரும் அப்படித்தான்"னு சொல்லுவாங்க. மஞ்ச கலர் ஸ்போர்ட்ஸ் காரை விக்கிரவாண்டி டோல்கேட்ல யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறீங்களா?

சுங்கப் பேப்பர் கேக்க கூச்சப்படாதீங்க

கார் இந்தியாவுக்கு எப்படி வந்துச்சுங்கிறது அடுத்த கேள்வி. கம்பெனியே இறக்குமதி பண்ணி ஷோரூம்ல வித்திருந்தா பிரச்சினை குறைவு, முதல் இன்வாய்ஸ் போதும். தனியார் யாராவது இறக்கியிருந்தா, சுங்கத்துறையோட பில் ஆஃப் என்ட்ரி நகல் கண்டிப்பா வேணும்.

பழைய காரை இறக்குமதி பண்ண அரசாங்கம் கறாரான விதி வெச்சிருக்கு. தயாரிச்சு 3 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும், மும்பை துறைமுகம் வழியாத்தான் வரணும். இதை வெச்சு நீங்களே ஒரு சோதனை பண்ணலாம். ஆர்.சி.யில தயாரிச்ச மாசம் வருஷம் இருக்கும், இந்தியாவுல முதல்ல பதிவான தேதியும் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல அஞ்சாறு வருஷம் இடைவெளி இருந்தா, அந்தக் கார் எந்த வழியில வந்துச்சுன்னு கேட்டே ஆகணும்.

சேஸிஸ் நம்பரும் பேசும். மொத்தம் 17 எழுத்து. முதல் எழுத்து டபிள்யூன்னா ஜெர்மனி, ஜேன்னா ஜப்பான், இசட்னா இத்தாலி, எஸ்னா இங்கிலாந்து, 1ன்னா அமெரிக்கா. எம்.ஏ.லேர்ந்து எம்.இ. வரைக்கும் இந்தியாவுக்கு. ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. ஜெர்மன் பேர் உள்ள எல்லா வண்டியும் கப்பல்ல வந்தது இல்ல. நாம சென்னை ரயில்ல போகும்போது தாண்டுற மகேந்திரா சிட்டியில 2007லேர்ந்து பிஎம்டபிள்யூ கார்களைப் பூட்டுறாங்க. "இம்போர்ட்டட் சார்"ங்கிற வார்த்தைக்கு கூடுதல் காசு கொடுக்குறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

இவ்வளவு சந்தேகம் தேவையான்னு கேக்கலாம். 2025 செப்டம்பர்ல கேரளாவுல சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கூர்'னு ஒரு சோதனை நடத்துச்சு. பூட்டான் வழியா வரி கட்டாம கொண்டு வந்து, போலி ஆவணத்துல பதிவு பண்ணி விக்கப்பட்டதா சந்தேகப்பட்ட கார்களைத் தேடி நடிகர்கள் வீடு வரைக்கும் போனாங்க. பல கார்களை எடுத்துட்டும் போனாங்க. கவனிங்க, அவங்க போனது கடைசியா யார்கிட்ட கார் இருந்துச்சோ அவங்ககிட்ட. வித்தவர் காசை வாங்கிட்டுப் போயிடுவாரு, கார் நிக்கிறது உங்க வாசல்ல.

சட்டப்படி வந்த காருக்கும் வரி வழக்கு நீளும். நடிகர் விஜய் 2012ல இங்கிலாந்திலேர்ந்து இறக்குமதி செஞ்ச ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காருக்கு தமிழ்நாட்டு நுழைவு வரி கேட்டாங்க. அதை எதிர்த்து அவர் போட்ட வழக்கை 2021 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றத்துல தனி நீதிபதி தள்ளுபடி செஞ்சு 1 லட்சம் அபராதமும் போட்டாரு. மேல்முறையீட்டுல அபராதத்துக்குத் தடை கிடைச்சு, 2022 ஜனவரியில தீர்ப்புல இருந்த விமர்சனங்களையும் நீக்கினாங்க. சரி தப்பு நமக்கு வேண்டாம். 2012ல வந்த காரோட வரிப் பேச்சு பத்து வருஷம் ஓடுச்சு, அதுதான் பாடம். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி தனியார் இறக்கின கார்னா, நுழைவு வரி ரசீதையும் கேளுங்க.

இன்னும் மூணு பேப்பர் சமாச்சாரம். பரிவாகன் தளத்துல நம்பரைப் போட்டு கடன் பாக்கி, இன்சூரன்ஸ், பாக்கி அபராதம் பாருங்க. கடன் இருந்தா பேங்க்கோட படிவம் 35 வராம காசை நீட்டாதீங்க. வித்தவரோட நோ கிளெய்ம் போனஸ் அவரோடதான் போகும், உங்களுக்கு வராது. கடைசியா, 15 வருஷம் ஆன காருக்கு பதிவைப் புதுப்பிக்க சாதாரண காருக்கு 5,000 ரூபா, இறக்குமதி காருக்கு 40,000. 20 வருஷம் தாண்டினா இறக்குமதி காருக்கு 80,000. 13 வருஷ காரை வாங்குறவங்க இதையும் விலையில சேர்க்கணும்.

மெஷின்: ஆயிரம் ரூபா கருவி சொன்ன உண்மை

காரைப் பாக்கப் போனப்ப நாங்க கையில எடுத்துட்டுப் போனது ஒரு டார்ச், ஒரு காந்தம், ஆயிரம் ரூபாய்க்குள்ள வாங்கின ஒரு ஓ.பி.டி. புளூடூத் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதுல செருகி போன்ல பாக்கலாம்.

எல்லாரும் எரர் கோடு இருக்கான்னுதான் பாப்பாங்க. கோடு எதுவும் இல்ல, சுத்தம். ஆனா "கோடு அழிச்சதுலேர்ந்து ஓடின தூரம்"னு இன்னொரு அளவு இருக்கு. அதைப் பாருங்க. எங்களுக்கு வந்தது 9 கிலோமீட்டர். அதோட ரெடினெஸ் மானிட்டர்கள் பாதிக்கு மேல இன்னும் முடியல. கார் தன்னோட சென்சார்களையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் தானே சோதிச்சு முடிக்க சில நாள் ஓட்டணும். அது முடியலைன்னா சமீபத்துல அழிச்சிருக்காங்க, இல்லன்னா பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும், நாங்க வர்ற அன்னிக்குக் காலையில ஏன்?

இது ஏமாத்துன்னு நான் சொல்லல. பேட்டரி மாத்தினா கூட இப்படி ஆகும். ஆனா அப்ப விடை சுலபம்: "ஒரு வாரம் ஓட்டுங்க, திரும்ப வந்து பாக்குறோம்." நல்ல கார் வெச்சிருக்கிறவர் இதுக்கு யோசிக்க மாட்டாரு.

அடுத்து தேதிகள். டயர்ல நாலு இலக்கம் இருக்கும். 2217ன்னா 2017ஆம் வருஷம் 22ஆவது வாரம். முன் டயர் ரெண்டும் அதுதான், பழசு. பின் டயர் ரெண்டும் வேற கம்பெனி, 0823. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தா அடியில ஒரு லேபிள்ல தயாரிச்ச தேதி இருக்கும். 2017 காருல டிரைவர் பக்கம் மட்டும் 2021! நல்லா இருக்குற சீட் பெல்ட்டை யாரும் சும்மா மாத்த மாட்டாங்க. பெரிய இடிக்கு அப்புறம்தான் பெல்ட்டையும் ஏர்பேக்கையும் மாத்துவாங்க. காந்தம் எதுக்குன்னா, இரும்புத் தகடுல புட்டி பூசியிருந்தா அங்க சரியா ஒட்டாது. ஆனா அலுமினியம், ஃபைபர் பாகத்துல எப்படியும் ஒட்டாது. ஸ்போர்ட்ஸ் கார்ல அந்தப் பாகங்கள் அதிகம், அதனால பதறாதீங்க.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு கூடுதல் சோதனை: வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்தப்ப மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எத்தனை வண்டி தண்ணியில நின்னுச்சுன்னு நாமளே பார்த்தோம். ஸ்போர்ட்ஸ் கார் தரையோட ஒட்டி இருக்கும், கம்ப்யூட்டர் பெட்டிகளும் வயரிங்கும் தாழ்வாவே இருக்கும். முழங்கால் தண்ணி போதும். சீட் பெல்ட் அடியில சேத்துக் கோடு, ஸ்டெப்னி குழியில வண்டல், சீட்டுக்கு அடி போல்ட்டுல துரு, கார்ப்பெட்டைத் தூக்கினா வர்ற வாடை, கனெக்டர்ல பச்சை பூத்த செம்பு. இதுல ரெண்டு இருந்தா கழிக்கிற கணக்கே வேண்டாம், திரும்பி வந்துடுங்க.

ஸ்பேர் எங்க கிடைக்கும்?

ஃபோர்ட் மஸ்டாங் ஞாபகம் இருக்கா? 2016 ஜூலையில இந்தியாவுக்கு வந்துச்சு, 5 லிட்டர் வி8 இன்ஜின், டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். அமெரிக்காவுலேர்ந்து முழுசா இறக்கி வித்தாங்க. 2021 செப்டம்பர்ல ஃபோர்ட் இந்தியாவுல உற்பத்தியை நிறுத்துறதா அறிவிச்சுச்சு. 2022 ஜூலையில நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுல மறைமலை நகர் ஆலையிலேர்ந்து கடைசி கார் வெளிய வந்துச்சு. மஸ்டாங் நல்ல கார்தான். ஆனா கம்பெனி கடையைச் சுருக்கினா, அந்தப் பேர்ல உள்ள எல்லா வண்டியையும் வாங்குறவர் மனசுல "நாளைக்கு ஸ்பேர் கிடைக்குமா?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கும் ஒரு விலை உண்டு.

விழுப்புரத்துலேர்ந்து சென்னை 160 கிலோமீட்டர். கார் நின்னு போனா சாதாரண மீட்பு வண்டியில கட்டி இழுக்க முடியாது, படுக்க வெச்சு ஏத்துற லாரி வேணும். அதனால வாங்குறதுக்கு முன்னாடி, அந்த மாடலைப் பாக்குற ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு நாலு விலை கேளுங்க: டயர் ஒரு செட், முன் பிரேக் டிஸ்க் பேட், முழு சர்வீஸ், ஒரு ஹெட்லைட். உங்க கணக்குக்கு இதுதான் தரவு.

புது கார் விலையையும் ஒரு கண்ணால பாத்துக்கோங்க. 2025 ஜூலை 24ல கையெழுத்தான இந்தியா பிரிட்டன் ஒப்பந்தத்துல, ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும் பிரிட்டிஷ் கார்களுக்கு சுங்க வரியை 10% வரைக்கும் குறைக்கிறதா இருக்கு. புதுசு விலை இறங்கினா பழசும் கூடவே இறங்கும்.

இப்ப கழிப்போம்

கீழ உள்ள தொகைகள் எங்க கணக்குக்கு நாங்க வெச்சது. உங்க காருக்கு நீங்க கேட்டு நிரப்புங்க.

சுத்தமான தமிழ்நாட்டு நம்பர் கார்: 32 லட்சம்
தமிழ்நாட்டு ஆயுள் வரி, என்.ஓ.சி., நம்பர் மாத்துற செலவு: 5 லட்சம் கழிக்க
டயர் ஒரு செட்: 1.4 லட்சம்
முன் பிரேக்: 1.2 லட்சம்
ஆயில், கூலன்ட், பேட்டரி, முழு சர்வீஸ்: 0.9 லட்சம்
மூணாவது ஓனர்ங்கிறதுக்கு: 1.5 லட்சம்
சர்வீஸ் ரெக்கார்டு இல்லாததால தெரியாத செலவுக்கு ஒதுக்கீடு: 2 லட்சம்

மொத்தக் கழிவு 12 லட்சம். மிச்சம் 20 லட்சம்.

28 லட்சம் மலிவுன்னு நெனைச்சோம். கணக்குப்படி அது 8 லட்சம் அதிகம். அதுவும் அந்த 2021 சீட் பெல்ட்டை நாங்க கணக்குலயே சேர்க்கல. ஏன்னா அதுக்கு விலை போட எங்களுக்குத் தெரியல, இடி எவ்வளவு பெருசுன்னு காட்டுற பேப்பர் எதுவும் அவர் தரல. விலை போட முடியாத குறையை பேரம் பேசி சரி பண்ண முடியாது. அங்க எழுந்துடணும்.

அப்புறம் என்ன ஆச்சு?

மாமாகிட்ட இந்தத் தாளை நீட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தாரு. "அப்ப இருபதுக்குக் குடுத்தா வாங்கலாமாடா?"ன்னு கேட்டாரு. ஆசை போகலை பாருங்க. என் ரூம்மேட்தான் சொன்னான்: "மாமா, இன்னும் ஒரு வாரம் ஓட்டிட்டு திரும்பக் காட்டச் சொல்லுங்க. சர்வீஸ் ரெக்கார்டும் கேளுங்க. குடுத்தா பேசலாம்."

கேட்டாரு. வித்தவர் "வேற பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு சொல்லிட்டாரு. அட்வான்ஸ் 50,000த்துல 30,000 திரும்பி வந்துச்சு. ரசீது இல்லாம குடுத்ததால மீதிக்குச் சண்டை போட முடியல. அந்த 20,000 போனதுல மாமாவுக்கு வருத்தம்தான். எங்களுக்கும்தான், பத்து நாள் முன்னாடியே கேட்டிருந்தா அதுவும் மிஞ்சியிருக்கும். அதனால நீங்க செய்ய வேண்டிய வரிசை இது: முதல்ல பேப்பர், அப்புறம் மெஷின், அப்புறம் கணக்கு, கடைசியா அட்வான்ஸ். அதுவும் ரசீதோட, "என்.ஓ.சி. வரலைன்னா முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி எழுதி வாங்கிட்டு.

போன வாரம் மாமா மறுபடி ஒரு போட்டோ அனுப்பினாரு. இந்தத் தடவை சிவப்பு கலர், டி.என். நம்பர். கீழ ஒரு மெசேஜ்: "இன்னும் காசு குடுக்கல. எப்படா வர்றீங்க?"

உங்க வீட்லயும் இப்படி ஒரு மாமா இருந்தா, இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்புங்க. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி.